அரபு வழியா, தமிழ் வழியா?

நம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களா, தமிழ் மண்ணிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்களா? ஜொகூரில் வேரூன்றிய பின்னும் சம்பந்தம் பேசும் வீடுகளில் இக்கேள்வி எழுகிறது.

மரபணு வழியாகவும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வரும். அவற்றில் எப்போதோ நேர்ந்த சிறு மாற்றங்கள் சந்ததிகளிலும் தொடர்வதால் யார் யாருக்கு உறவு என்று அறியலாம்.

ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தார் கேரள மாப்பிள்ளைமார், தமிழகத்துத் தாவூதி போராக்கள் உள்ளிட்ட ஆறு முஸ்லிம் சமூகங்களை ஆராய்ந்தனர். 2010-இல் முடிவு வெளியானது. பெரும்பாலான சமூகங்களின் மரபணு, அக்கம்பக்கத்து முஸ்லிமல்லாதாரின் மரபணுவையே ஒத்திருந்தது. வெளிநாட்டுக் கலப்பு சிறிதளவே. அதுவும் அரபு நாட்டைவிட ஈரான், மத்திய ஆசியா வழியே மிகுதி.

நம் மரைக்காயரும் ராவுத்தரும் அந்த ஆறில் இல்லை. ஆயினும் ஒன்று நமக்கும் பொருந்தும். பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோருக்கு இடமுண்டு. அவர்களுள் ஒருவர் அரபியாக இருந்தால் மற்றவர்களை மறந்துவிடலாமா?

தீன் நமக்கு இரத்தத்தால் மட்டும் வந்ததன்று. நம் மூத்தோர் உள்ளம் ஏற்றதால் வந்தது. இனி சம்பந்தம் பேசும்போது வம்சத்தை விட்டு, மார்க்கப் பற்றையும் குணத்தையும் விசாரிப்போம்.