குழாய்ச் சுவரா, குழாய்க்குள்ளா? ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

1959-இல் ஃபிளேகர், தப்பைனர் என்னும் ஆஸ்திரியத் தோல் மருத்துவர் இருவர் அரியதொரு நோயைப் பதிவுசெய்தனர். தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் இயல்புக்கு மாறான பெரிய உயிரணுக்கள் அடைத்துக் கிடந்தன. குழாயின் உட்சுவரான எண்டோதீலியமே கட்டற்றுப் பெருகியதாக அவர்கள் கருதினர். ‘ஆஞ்சியோஎண்டோதீலியோமட்டோசிஸ்’ என்று நோய்க்குப் பெயர் அமைந்தது.

நன்னூலார் வழியில் சொன்னால் இது இடுகுறியன்று, காரணப்பெயர், காரணம்தான் பிழை. பிழையான காரணப்பெயர் இடுகுறியைவிடத் தீங்கானது. சுவரின் நோய் என்று பெயரே அறுதியிட்ட பிறகு, நிணநீர்ப் புற்றுக்குரிய கூட்டு மருந்துகளை எண்ணிப் பார்க்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. போதாக்குறைக்கு, உண்மையிலேயே உட்சுவர் அணுக்கள் பெருகித் தானாகவே தணியக்கூடிய தீங்கற்ற நிலையொன்றும் அதே பெயரின்கீழ் அடங்கியது. கொல்லும் நோயும் தணியும் நோயும் ஒரே சொல்லுக்குள்!

1980-களில் உயிரணுக்களின் வகையை எதிர்ப்பான்களால் இனங்காணும் சாயமுறை பரவியபோதே உண்மை வெளிப்பட்டது. அடைத்துக் கிடந்தவை வெள்ளணுக்கள், பெரும்பாலும் பி-லிம்போசைட்டுகள். சுவர் குற்றமற்றது. 2001-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ‘இரத்தக்குழாய் அகப் பெரிய பி-அணு லிம்போமா’ எனத் தனியிடம் அளித்தது.

பெயர் திருந்தியும் நோயறிதல் எளிதாகவில்லை. நிணநீர்க் கணுக்கள் பெரும்பாலும் வீங்குவதில்லை, கட்டியும் தென்படாது. காரணமறியாக் காய்ச்சல், எடையிழப்பு, மூச்சுத்திணறல், நினைவுக் குழப்பம், அடுத்தடுத்த சிறு பக்கவாதங்கள் என எந்த உறுப்பின் நுண்குழாய் அடைபடுகிறதோ அந்த உறுப்பின் நோயாகவே இது வேடமிடும். இரத்தத்தில் எல்.டி.எச். நொதி மிகுந்திருப்பது ஒரு குறிப்பு; ஆனால் அது வேறு பல நோய்களிலும் மிகும். குழாயைவிட்டு வெளியேறத் தேவையான சி.டி.29, சி.டி.54 ஆகிய ஒட்டுப் புரதங்கள் இவ்வணுக்களில் இல்லை என 2000-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. உள்ளேயே தங்குவதற்கு அது ஓரளவு விளக்கம். பல நோயாளிகளின் நோய்க்குப் பெயர் கிடைத்தது பிணக்கூறாய்வில்தான்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய மருத்துவர்கள் துணிவான வழியொன்றைக் கையாண்டனர். புள்ளியோ தடிப்போ இல்லாத, பார்வைக்கு நலமான தோலிலேயே தொடை, வயிறு, மேற்கை எனப் பல இடங்களில் திசு எடுத்தனர். மேற்தோல் மட்டும் போதாது. புற்றணுக்கள் பெரிதும் தங்குவது தோலடிக் கொழுப்பின் நுண்குழாய்களில். ஆகவே கத்தி அந்த ஆழம்வரை செல்ல வேண்டும். உயிருடன் இருக்கையிலேயே நோய் உறுதியானவர்களுக்கு, ரிட்டுக்சிமாப் சேர்ந்த கூட்டு மருந்துகளைத் தொடங்க முடிந்தது.