கேம்பா கோலா வளாகமும் பிரதிபா கோபுரமும்: மாடிகளைக் குறைக்கச் சொன்ன வழக்குகள்

கேம்பா கோலா வளாகம் என்பது மும்பை நகரின் வொர்லி பகுதியில் அமைந்துள்ள, ஏழு கட்டடங்களைக் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகும். ஐந்து மாடிகளுக்கு அனுமதி பெற்ற இடத்தில் இருபது மாடிகள் வரை எழுப்பப்பட்டன. அனுமதிக்கு மேற்பட்ட மாடிகளை இடிக்க வேண்டும் என 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ நூறு குடும்பங்கள் வீடிழக்கும் நிலை வந்தபோது, இந்த வழக்கு நாடு முழுவதும் பேசப்பட்டது. அதே நகரில் பிரதிபா என்னும் 36 மாடிக் கோபுரமும் இதே குற்றச்சாட்டைச் சந்தித்தது. ஆனால் அதன் முடிவு வேறு.

மும்பையில் நடந்தது ஓசூர், கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். எல்லையின் இந்தப் பக்கம் ஓசூரிலும் அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் தொழிற்சாலை வேலையை நம்பி வந்தவர்கள் மனையும் அடுக்குமாடி வீடும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்றே பலர் நினைக்கிறார்கள். கேம்பா கோலாவில் வீடு வாங்கியவர்களும் பணம் கொடுத்து, ஒப்பந்தம் போட்டுத்தான் வாங்கினார்கள்.

தளப்பரப்புக் குறியீடு

வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு தேவை. ஒரு மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதுவே தளப்பரப்புக் குறியீடு. பேச்சு வழக்கில் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். குறியீடு 2 என்றால், 1,200 சதுர அடி மனையில் மொத்தம் 2,400 சதுர அடி கட்டலாம். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு இந்த அளவே உள்ளது. மும்பையின் பழைய தீவு நகரப் பகுதியில் இது நெடுங்காலம் 1.33 ஆக இருந்தது. நிலத்தின் விலையோ வானளவு. எனவே கூடுதலாக எழுப்பும் ஒவ்வொரு மாடியும் கட்டுநருக்குப் பெரும் லாபம். தண்ணீர், கழிவுநீர், சாலை, தீயணைப்பு ஆகியவற்றின் சுமையோ ஊருக்கு.

பிரதிபா

தெற்கு மும்பையில் பிரீச் கேண்டியை ஒட்டிய புலாபாய் தேசாய் சாலையில் பிரதிபா கோபுரம் கட்டப்பட்டது. அதில் சுமார் 24,000 சதுர அடி அனுமதியின்றிக் கட்டப்பட்டதாக 1984-ல் மாநகராட்சி கண்டறிந்தது. மேல் 8 தளங்களை இடிக்கவும் உத்தரவிட்டது. சங்கத்தினர் அரசிடம் முறையிட்டனர். பிறகு நீதிமன்றம் சென்றனர். மேலிருந்து இடிப்பதற்குப் பதிலாகக் கட்டடத்தின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டிக் கணக்கை நேர்செய்யலாம் என்றுகூட ஒரு யோசனை சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் 1991-ல் அதை ஏற்கவில்லை. விதிமீறல்களை உறுதியுடன் அடக்க வேண்டும் என்றது. மேல் தளங்கள் அகற்றப்பட்டன. மீதிக் கட்டடம் மட்டும் குடியிருக்க ஆளின்றி, நகரின் மிக விலையுயர்ந்த தெரு ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது. 2019-ல் அதையும் இடிக்கத் தொடங்கினார்கள். முன்பணம் கட்டியவர்கள் அதில் ஒருநாளும் வாழவில்லை.

கேம்பா கோலா

வொர்லி நிலத்தை மாநகராட்சி 1955-ல் பியூர் டிரிங்க்ஸ் என்ற குளிர்பான நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. வளாகத்துக்குக் கேம்பா கோலா என்ற பெயர் வந்தது அந்த நிறுவனத்தின் பானத்தால்தான். 1980 வாக்கில் அந்த நிலத்தில் குடியிருப்புகள் கட்ட அனுமதி கிடைத்தது. நிறுவனம் கட்டுநர்களை நியமித்தது. 1981-க்கும் 1989-க்கும் இடையில் ஏழு கட்டடங்கள் எழுந்தன. மிட்டவுன் என்பது 20 மாடி. ஆர்க்கிட் 17 மாடி. எல்லாவற்றிலும் சேர்த்து 35 மாடிகள் அனுமதிக்கு மேற்பட்டவை.

மாநகராட்சிக்கு இது தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. 1984 நவம்பரிலேயே வேலையை நிறுத்தும்படி அறிவிப்பு கொடுத்தது. பிரதிபாவுக்கு உத்தரவு போனதும் அதே ஆண்டுதான். ஆனால் இங்கே வேலை நிற்கவில்லை. கட்டி முடித்து, விற்று, குடும்பங்கள் குடியேறிவிட்டன. அபராதம் கட்டினால் பின்னர் முறைப்படுத்திவிடலாம் என்ற எண்ணம் அன்றைய மும்பையில் பரவலாக இருந்தது.

குடியேறியவர்களுக்கு மாநகராட்சியின் குடியிருப்புச் சான்று கிடைக்கவில்லை. சான்று இல்லாததால் முறையான குடிநீர் இணைப்பும் இல்லை; ஆண்டுக்கணக்கில் தண்ணீர் லாரிதான். 1999-ல் தண்ணீர் கேட்டு நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கால்தான் கூடுதல் மாடிகளின் விவகாரம் மீண்டும் கோப்பிலிருந்து வெளியே வந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்கப் போய் வீட்டுக்கே ஆபத்து தேடிக்கொண்டார்கள் என்று இதைச் சொல்லலாம். 2005-ல் இடிப்பு அறிவிப்பு வந்தது. பல படிகளைத் தாண்டிய வழக்கில் 2013 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்கும்படி தீர்ப்புக் கூறியது.

அந்தத் தீர்ப்பு வாங்கியவர்களை முற்றிலும் ஏதும் அறியாதவர்களாகக் கருதவில்லை. திருத்திய வரைபடத்துக்கு அனுமதி இல்லை என்பதை அறிந்தே வாங்கினார்கள் என்றது. நட்டத்தைக் கட்டுநர்களிடம் கேட்டுப் பெற வழி உண்டு என்றும் கூறியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிவிட்டுப் போனவர்களிடம் முதியவர்கள் வழக்காடி என்று பணம் வாங்குவது?

கெடு 2013 நவம்பர் 11. மறுநாள் மாநகராட்சி ஆட்கள் இயந்திரத்தோடு வந்து வாயிற்கதவை உடைத்தனர். வாயிலில் நின்று தடுத்த பெண்களையும் முதியவர்களையும் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. அதற்கடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து, 2014 மே 31 வரை அவகாசம் அளித்தது. அந்தக் கெடுவும் முடிந்து ஜூன் மாதம் ஆட்கள் மீண்டும் வந்தபோது குடியிருப்போர் சில நாள் தடுத்தார்கள். முதல்வருடன் பேச்சு நடந்த பிறகே மின்சாரம், எரிவாயு, தண்ணீர் இணைப்புகளைத் துண்டிக்க விட்டார்கள். அந்த முறையும் மாடிகள் இடிக்கப்படவில்லை.

எழுந்த விவாதம்

ஒரு தரப்பு, தவறு செய்தவர் கட்டுநர், கண்டும் காணாமல் இருந்தது மாநகராட்சி, தண்டனை மட்டும் குடியிருப்பவருக்கா என்று கேட்டது. மறுதரப்பு, இதை விட்டால் இனி எந்தக் கட்டுநரும் விதியை மதிக்கமாட்டார் என்றது.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் எழுந்தது. எனக்கு அதுவே முக்கியமாகத் தோன்றுகிறது. மும்பையில் குடிசைகள் இடிக்கப்படுவது அன்றாடச் செய்தி. 1981-ல் மழைக்காலத்தில் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த அரசு முனைந்தபோதுதான் ஓல்கா டெலிஸ் வழக்கு பிறந்தது. 1985-ல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறியது. ஆனாலும், முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றே முடித்தது. நடைபாதையில் வாழ்ந்தவருக்குக் கிடைக்காத நேரலையும் அவகாசமும் வொர்லிக்குக் கிடைத்தது ஏன்? இதற்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. வொர்லிக் குடும்பங்களின் துயரம் பொய்யல்ல. ஆனால் துயரத்துக்கும் முகவரி பார்க்கிறார்கள்.

இரு வழக்குகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. இரண்டுக்கும் எச்சரிக்கை ஒரே ஆண்டில் வந்தது. ஆள் குடியேறாத பிரதிபாவில் மாடிகளைக் குறைக்க முடிந்தது. குடியேறிய கேம்பா கோலாவில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் நடக்கவில்லை. மாடியைக் குறைப்பது பொறியாளருக்கு எளிது. உள்ளே அடுப்பெரியத் தொடங்கிய பின் அரசுக்கு எளிதல்ல. கட்டுநர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் சான்றுக்குக் காத்திராமல் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எல்லையின் இரு பக்கமும்

தமிழ்நாட்டில் வேறு வழி பின்பற்றப்பட்டது: ஒரு தேதியைக் குறித்து, அதற்கு முன் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்துவது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு ஒருமுறைச் சலுகையாக வந்தது. பிறகு அந்தத் தேதி மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் சலுகையை ஏற்று, நீட்டிப்புகளை ரத்து செய்தது. அதன்பின் 113-சி பிரிவு வந்தது. தேதி 2007 ஜூலை 1 ஆயிற்று. ஒருமுறை என்பதற்குப் பொருள் என்ன என்று மாணவர்கள் கேட்டால் விடை சொல்வது கடினம்.

மனைகளின் கதையும் இதுவே. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. தடைக்குப் பின் 2017-ல் முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு வழி பிறந்தது. கர்நாடகத்தில் இதே நோக்கத்தோடு வந்தது ‘அக்ரம சக்ரம’ திட்டம். உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் அதற்குத் தடை விதித்தது. பெங்களூருவில் விதிமீறிய சொத்துகளைத் தனிப் பதிவேட்டில் வைத்து வரி வாங்குவார்கள். ‘பி காத்தா’ என்பது அதுதான். வரி ரசீது கையில் இருப்பதால் அங்கீகாரமும் இருப்பதாகக் கொள்ளக் கூடாது.

நொய்டாவும் புதிய சட்டமும்

நொய்டாவில் எமரால்டு கோர்ட் குடியிருப்போர், தங்கள் வளாகத்தில் பசுமை இடம் எனக் காட்டப்பட்ட பகுதியில் இரு கோபுரங்கள் எழுவதை எதிர்த்து 2012-ல் நீதிமன்றம் போனார்கள். செலவுக்குத் தங்களுக்குள் பணம் திரட்டிக்கொண்டார்கள். 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது; 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடிவைத்து இடித்தார்கள். அந்தக் கோபுரங்களில் யாரும் குடியேறியிருக்கவில்லை. வாங்கியவர்களுக்கு 12 விழுக்காடு வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தரவும், உடந்தையான அதிகாரிகள் மீது வழக்குத் தொடரவும் தீர்ப்பில் உத்தரவு இருந்தது. கேம்பா கோலாக் குடும்பங்களுக்கு இந்த இரண்டும் கிடைக்கவில்லை.

2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டம் பதிவு செய்யப்பட வேண்டும். அனுமதி பெற்ற திட்ட வரைபடத்தைக் கட்டுநர் மாற்ற விரும்பினால், வாங்கியவர்களில் மூன்றில் இரு பங்கினர் எழுத்து மூலம் ஒப்ப வேண்டும். தமிழ்நாட்டின் 2019 விதிகள், சிறு வீடுகள் நீங்கலாக, பணி நிறைவுச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின், குடிநீர் இணைப்பு தருவதைத் தடுக்கின்றன. ஓசூரில் வீடு பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய காகிதம் அந்தச் சான்றுதான். பத்திரத்தின் நகல் அதற்கு அடுத்தது.