கார்ல் செர்னியின் பியானோ கற்பித்தல்

கார்ல் செர்னி (1791–1857) வியன்னாவில் வாழ்ந்த பியானோ ஆசிரியர், இசையமைப்பாளர். பீத்தோவனின் மாணவர், பிரான்ஸ் லிஸ்டின் ஆசிரியர் என்ற இரு அடையாளங்களுக்கு நடுவே அவருடைய சொந்தப் பணி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மாணவரின் வயதையும் தேர்ச்சியையும் பார்த்துப் பாடத்தைப் படிப்படியாக அமைத்ததே அப்பணி.

செர்னிக்கு முதல் ஆசிரியர் அவருடைய தந்தை. சுமார் பத்து வயதில் பீத்தோவனிடம் சேர்ந்தபோதே அச்சிறுவன் கடினமான படைப்புகளை வாசித்துக்கொண்டிருந்தான். ஆயினும் முதல் பாடங்களில் பீத்தோவன் கொடுத்தவை எல்லாச் சுருதிகளிலும் ஏறி இறங்கும் ஸ்வர வரிசைகளே. கையை வைக்கும் நிலை, கட்டைவிரலின் பயன்பாடு ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார்.

செர்னி 15 வயதளவில் கற்பிக்கத் தொடங்கினார். பின்னாளில் காலை முதல் இரவு வரை வியன்னாவின் செல்வர் வீடுகளில் பாடம் நடத்தினார். 1816 முதல் பீத்தோவனின் தம்பி மகன் கார்லும் அவரிடம் பயின்றான். அச்சிறுவனைப் பற்றி பீத்தோவன் எழுதிய கடிதம் குறிப்பிடத்தக்கது. விரலமைப்பும் தாளமும் சரியாக அமைந்த பின்னரே பாவத்தைக் கவனிக்க வேண்டும். சிறு பிழைகளுக்காக இடையில் நிறுத்தாமல், வாசித்து முடித்த பிறகே சுட்டிக்காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். பிழை கேட்டவுடன் குறுக்கிடும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

லிஸ்டின் நிலை இதற்கு நேர்மாறானது. முதன்முதலில் வாசித்துக் காட்டியபோது, வெளிறிய முகமும் மெலிந்த உடலுமாக இருந்த அச்சிறுவன் முக்காலியில் தள்ளாடியபடி, விரலமைப்பு எதுவுமின்றி, தோன்றியபடி வாசித்தான் என்று செர்னி தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். திறமை வியக்கத்தக்கது, ஒழுங்குதான் இல்லை. எனவே ஸ்வர வரிசைகள், சீரான தாளம், அதன்பின் கிளெமெண்டியின் சொனாட்டாக்கள் என்று தொடங்கினார். கட்டணம் வாங்கவில்லை. 1823இல் தந்தை மகனைக் கச்சேரிப் பயணத்திற்கு அழைத்துச் சென்றது செர்னிக்கு வருத்தமே. எனினும் லிஸ்ட் மறக்கவில்லை. 1852இல் வெளியான தமது கடினமான பன்னிரண்டு எட்யூட்களை ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார்.

இந்த அனுபவம் நூல்களாகவும் வந்தது. ஓபஸ் 599 தொடக்க நிலையினருக்கு, ஓபஸ் 299 வேகம் பழகுவோருக்கு, ஓபஸ் 740 தேர்ந்தவர்களுக்கு. கர்நாடக இசையில் சரளி வரிசையிலிருந்து வர்ணத்திற்கு ஏறுவது போன்ற வரிசை இது. கிராமப்புறத்தில் வாழும் 12 வயதுச் சிறுமிக்கு எழுதுவதாக அமைந்த பத்துக் கடிதங்களும் உண்டு. அவருடைய பயிற்சிகளில் சலிப்பூட்டுபவை ஏராளம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு தடையை நீக்கவே எழுதப்பட்டது.

செர்னியின் மற்றொரு மாணவர் தியோடோர் லெஷெடிட்ஸ்கி. அவரிடம் போலந்துக் கலைஞர் பதெரெவ்ஸ்கி வந்தபோது வயது 24. அதற்குள் அவரே ஆசிரியராகப் பணியாற்றியிருந்தார். ஆனாலும் அடிப்படை விரற்பயிற்சிகளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அவர் ஐரோப்பாவின் புகழ்பெற்ற பியானோ கலைஞரானார்.