ஊவாத் தோட்டங்களும் அபின் மருந்தும்

கடும் நோவைத் தணிப்பதில் அபினுக்கு நிகரான பொருளை மருத்துவ உலகம் நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை. எனினும், அதனை யாருக்கு, எந்நோவுக்குக் கொடுக்கலாம் என்ற வினாவுக்கு மருத்துவர் அளித்த விடை காலந்தோறும் மாறியே வந்துள்ளது. அம்மாற்றம் பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்ட மக்களை எவ்வாறு தொட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தோட்டத் துரைமாரின் மருந்துப் பெட்டியிலே கொயினா, ஆமணக்கெண்ணெய் ஆகியவற்றோடு குளோரோடைன் என்னும் திரவமும் இருந்தது. கொலிஸ் பிரவுண் என்ற படை மருத்துவர் ஆக்கிய இதில் அபின் சாறும் குளோரோபோமும் கஞ்சாவும் அடங்கியிருந்தன. மருத்துவப் பயிற்சியற்ற துரையே அதனைத் துளிக்கணக்கில் அளந்து கொடுத்தார்! அக்காலத்தில் மருத்துவரும் அபினைப் பெரிதாக அஞ்சினாரல்லர். 1893இல் அமைக்கப்பட்டு 1895இல் அறிக்கை சமர்ப்பித்த அரச ஆணைக்குழுவின் முன் இந்தியாவிற் பணியாற்றிய மருத்துவர் பலர் அபினுக்குச் சார்பாகவே சாட்சியமளித்தனர். (அரசின் அபின் வருவாய் அதன் பின்னணியில் இருந்தமையை மறத்தலாகாது.)

இலங்கையிலோ சட்டம் படிப்படியாக இறுகிற்று. 1910ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்பின், பதிவு செய்துகொண்ட நுகர்வோரும் சுதேச வைத்தியருமே அரசிடமிருந்து அபின் பெறலாயினர். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்பாட்டை மேலும் விரித்தது. 1984இல் அது திருத்தப்பட்டபோது, ஹெரோயின், மோர்பின் முதலியவற்றைக் குறித்த அளவுக்கு மேற் கடத்துவோருக்கு மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கப்படலாயிற்று. கடத்தற்காரனை நோக்கி எழுந்த சட்டமே எனினும், மருந்துச் சீட்டெழுதும் மருத்துவரையும் அது தயங்கச் செய்திருந்தால் வியப்பில்லை.

1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோயாளருக்கு மோர்பினை வாய்வழியாக, நேரந் தவறாது கொடுக்குமாறு வழிகாட்டியது. முழுத்தகுதி பெற்ற மருத்துவர் பெரும்பாலும் இல்லாத தோட்ட மருந்தகத்திலிருந்து பார்த்தால், அவ்வழிகாட்டல் எட்டாத தொலைவில் நின்றது. நகரத்து ஆசுபத்திரியிலிருந்து லயத்துக்குத் திரும்பிய நோயாளியின் வில்லைகள் தீர்ந்தால், மீண்டும் மலையிறங்க வேண்டியவர் அவரது உறவினரே.

ஆயின், புற்றுநோய் வேறு. நாட்பட்ட முதுகு நோவு வேறு. அமெரிக்காவில் 1996 முதல் ஒக்சிகொன்ரின் என்ற அபின்வகை மருந்து நாட்பட்ட நோவுக்கும் தாராளமாக எழுதப்பட்டது. அதன் அடிமைப்படுத்தும் இயல்பு குறித்துத் தவறான தகவல் பரப்பியதாக அதனை விற்ற நிறுவனம் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இவ்வகையில் நம் மருத்துவரின் தயக்கம் நியாயமானதே. இரு நோவுகளையும் ஒரே அச்சத்தால் அளந்தமையே குறை. செங்குத்தான சரிவிலே தலையிற் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணின் கழுத்து நோவுக்கு மோர்பின் மருந்தன்று. சுமையைக் குறைப்பதே மருந்து. அதனை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் எந்த மருத்துவருக்கும் இருந்ததில்லை.