வலக்கால் கியர்

விருதுநகர், சாத்தூர், சிவகாசிச் சாலைகளில் 1980-இல் வந்த டிவிஎஸ் 50 பிடித்த இடத்தை, 1955 முதலே தமிழ்நாட்டில் உருவாகும் புல்லட்டால் பிடிக்க முடியவில்லை. விலையும் மைலேஜும்தான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிறவருக்குப் பெட்ரோல் கணக்கு முக்கியம்தான். ஆனால் 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-ஐ யாரும் மைலேஜுக்காக வாங்கவில்லையே. இளைஞர்கள் அதன் பின்னால்தான் போனார்கள். புல்லட்டின் சிக்கல் அதைப் பழகுவதில் இருந்தது. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, பிறகுதான் கிக்கரை உதைக்க வேண்டும். பழைய சொந்தக்காரர்களுக்கு இந்தச் சிரமமே பெருமை. புதிதாக வருகிறவரை அதுவே வாசலில் நிறுத்தியது.

மாற்றினால் அது புல்லட்டே இல்லை என்று ரசிகர்கள் வாதிட்டார்கள். சிவகாசி அப்படி நினைத்திருந்தால் 1923-இல் தொடங்கிய தீப்பெட்டியோடு நின்றிருக்கும். பட்டாசும் அச்சகமும் வந்திருக்காது. 1994-இல் ஐஷர் வசமான புல்லட் நிறுவனம், 2000 வாக்கில் மூடும் நிலைவரை போனது. பிறகே கியர் இடப்பக்கம் வந்தது, பட்டன் ஸ்டார்ட் வந்தது. 2009-இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த கிளாசிக் மாடலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அது மலிவான வண்டியும் அல்ல. சத்தம் மட்டும் சாதுவாகிவிட்டது என்ற குறை இன்றும் உண்டு. வெடிக்குப் பேர்போன ஊரில் அது நியாயமாகவே படலாம்.