கழற்றிப் போட்ட கன்வெர்ட்டர்

மலர்க் குழுவினர் போன் செய்து, "ஹாஸ்டல் நினைவுகள் வேண்டாம்ப்பா, எட்டுப் பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. எட்டிலும் அதே சாம்பார்தான். நீ மெக்கானிக்கல், வண்டி சம்பந்தமா ஏதாவது எழுது" என்றார்கள். வண்டி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது நாம் படித்த காலத்தில் மதுரைப் பட்டறைகளில் நடந்த ஒரு சங்கதி. யாரும் எழுதி வைக்கவில்லை. கார் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்து எறிந்த கதை. வேகம் வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள் என்று இன்றைக்குப் பலரும் நினைக்கிறார்கள். ஆரம்பம் அப்படி இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

வண்டியில் ஒன்றை மாட்டுவதும் பிறகு கழற்றுவதும் மதுரைக்குப் புதிதல்ல. 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் நம் ஊரிலிருந்துதான் பஸ் விட்டது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியைப் புகைத்து அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டை அவர்களே செய்து கொடுத்தார்கள். கரி வாயுவில் இழுவை குறைவு, சாம்பல் அள்ளும் வேலை வேறு. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அந்த உருளைகளைக் கழற்றி ஓரமாகப் போட்டார்கள். எரிபொருள் இல்லாததால் மாட்டினார்கள், வந்ததும் கழற்றினார்கள், நியாயம்தான். ஐம்பது வருஷம் கழித்து நடந்தது இதற்கு நேர் தலைகீழ். சரியான எரிபொருள் இல்லாததால் கழற்றினார்கள். அது வந்த பிறகும் திருப்பி மாட்டவில்லை.

சிவில், இ.சி.இ. நண்பர்களுக்காகக் கொஞ்சம் பாடம். கன்வெர்ட்டர் என்பது பார்வைக்கு ஒரு சின்ன சைலன்சர் மாதிரி தகர டப்பா. உள்ளே பீங்கானில் ஆயிரக்கணக்கான துளைகள், இடியாப்ப அச்சை நீளமாக இழுத்து வைத்ததுபோல. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மிக மெல்லிசாகப் பூசியிருக்கும். சுமார் 300 டிகிரி சூடேறியதும் வேலையை ஆரம்பிக்கும். கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடு ஆக்கும், எரியாமல் வந்த பெட்ரோலை எரித்துத் தண்ணீரும் கரியமில வாயுவுமாக்கும். பிற்பாடு வந்த மூன்று வழி கன்வெர்ட்டர் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பிரித்துவிடும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கு ஆகாத விஷங்களில் முக்கியமானது ஈயம்.

அந்த ஈயம் பெட்ரோலுக்குள் எப்படி வந்தது? 1921-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சின் நாக்கிங் நிற்க டெட்ரா எதில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் பூராவும் ஈயம் கலந்த பெட்ரோல்தான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்று மருத்துவர்கள் கரடியாய்க் கத்தியும் எண்ணெய்க் கம்பெனிகள் அசையவில்லை. அசைத்தது இந்த டப்பாதான். பிரான்ஸில் பிறந்து அமெரிக்கா போன யூஜீன் ஹூட்ரி 1950-களிலேயே கன்வெர்ட்டரைச் செய்து பார்த்தார். ஈயம் பட்டதும் செத்துப்போகிறது என்பதால் அப்போது எடுபடவில்லை. 1970-இன் தூய காற்றுச் சட்டம் வந்து, 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் வைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் ஈயமில்லாப் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது. டாக்டர்களுக்கு மசியாத கம்பெனிகள் ஒரு தகர டப்பாவுக்கு மசிந்தன.

இந்தியாவில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த நெருக்கடியில், 1995 ஏப்ரல் 1 முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கு நகரங்களில் மட்டும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது. அதே நாளில் அந்த நான்கு ஊர்களிலும் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நான்கு ஊர்களில் மட்டும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கார் என்ன, தாம்பரத்தோடு நின்றுவிடும் வஸ்துவா?

அந்தக் காலத்தின் ஓட்டக்காரக் கார் என்றால் 1994-இல் வந்த மாருதி எஸ்டீம். 1300 சி.சி., கார்புரேட்டர் மாடலுக்கு 65 குதிரைத்திறன். ஜெர்மன்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் அம்பாசடரிலும் பியட்டிலும் வளர்ந்த நமக்கு அது பறக்கிற வண்டி. ராலிகளிலும் அதை ஓட்டினார்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள். எஸ்டீம் டேங்க் 40 லிட்டர். ஹைவேயில் லிட்டருக்கு 14 என்று வைத்தால் 560 கிலோமீட்டர். மெட்ராஸிலிருந்து மதுரை சுமார் 460. அங்கே ஈயமில்லாப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்தால் ஊர் வந்து சேரலாம், மிச்சம் நூறு கிலோமீட்டர் இருக்கும். திரும்பிப் போக? நம் பக்கத்துப் பங்க்குகளில் அன்றைக்குப் பெரும்பாலும் இருந்தது ஈயப் பெட்ரோல். 1997-இலிருந்து நாடு முழுக்க லிட்டருக்கு 0.15 கிராம் என்று ஈயத்தைக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் ஒரு டேங்க்குக்கு ஆறு கிராம். சில டேங்க் போட்டால் கன்வெர்ட்டர் மந்தமாகிவிடும். வேலை போன பிறகு, பிளக் சரியாக அடிக்காமல் பச்சைப் பெட்ரோல் வந்து உள்ளே எரிந்தால் பீங்கான் உருகும், உடையும், அடைக்கும்.

நம் பேட்ச் நண்பன் ஒருவனுடைய (பெயர் வேண்டாம், மலர் வெளியீட்டில் முன்வரிசையில் இருப்பான்) சித்தப்பா 1997-இல் மெட்ராஸிலிருந்து மதுரைக்கு மாற்றலாகி வந்தார், எஸ்டீமோடு. ஒரு வருஷத்தில் வண்டி இழுக்கவில்லை. மூன்றாவது கியரில் மிதித்தால் மூச்சு முட்டுகிற மாதிரி முனகும். பழங்காநத்தம் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பேனரால் டப்பாவை ஒரு தட்டு தட்டினார். கலகலவென்று சத்தம்.

"கேட்டீகளா தம்பி? உள்ள நொறுங்கி அடைச்சுக்கிருச்சு. காத்து போக வழியில்ல, வண்டி எப்பிடி இழுக்கும்?"

"அண்ணே, இது எதுக்குண்ணே வச்சிருக்கான்?"

"கவர்மென்ட் வைக்கச் சொல்லுச்சு, கம்பெனிக்காரன் வச்சான். மெட்ராஸ்ல அன்லெடட் கெடைக்கும், சரி. இங்கிட்டு அதுக்கு நான் எங்க போறது? புதுசு வாங்கி மாட்டுனாலும் அடுத்த வருசம் இதே கதிதான். அறுத்துட்டு நேர் பைப் வச்சு விட்டுருவோம்."

அவர் பேச்சில் தப்பு இருக்கிறதா? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. அரை நாளில் வெல்டிங் முடிந்தது. அறுத்த டப்பாவைக் கவிழ்த்தபோது சாம்பல் நிறத்தில் பீங்கான் துண்டுகள் கொட்டின. திருமங்கலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி பிய்த்துக்கொண்டு போனது. நண்பன், "மச்சான், பத்து ஹார்ஸ்பவர் ஏறிருச்சுடா!" என்று கத்தினான்.

குழப்பம் முளைத்த இடம் அந்தப் பத்து ஹார்ஸ்பவர். அடைத்துப்போன டப்பாவையும் வெறும் பைப்பையும் ஒப்பிட்டால் பத்து என்ன, அதற்கு மேலேயும் தோன்றும். நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டரோடு ஒப்பிட்டால் அவ்வளவு சின்ன எஞ்சினில் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கிடைத்தாலே அதிகம். பிற்பாடு எஞ்சின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். ஏறுவது பெரும்பாலும் சத்தம்தான். சத்தம் கூடினால் வேகம் கூடினதாகக் காதுக்குப் படும். ஆனால் மதுரைப் பட்டறைகளுக்கு வந்த வண்டிகள் எல்லாம் அடைத்த வண்டிகள். நல்ல கன்வெர்ட்டர் உள்ள காரை எவன் பட்டறைக்குக் கொண்டுவருவான்? ஆகவே அண்ணன்மார்கள் பார்த்த ஒவ்வொரு காரும், கழற்றினால் பிக்கப் கூடும் என்றே சாட்சி சொன்னது.

சட்டத்தின் சோதனையும் இதைப் பிடிக்கவில்லை. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பெட்ரோல் காருக்குப் பார்த்தது எஞ்சின் சும்மா ஓடும்போது வரும் கார்பன் மோனாக்சைடு மட்டும், 3 சதவீதத்துக்குள் இருந்தால் பாஸ். கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினால் கன்வெர்ட்டர் இல்லாத வண்டியும் பாஸாகிவிடும். நைட்ரஜன் ஆக்சைடை அந்தப் பரிசோதனை அளப்பதே இல்லை. 2004 அக்டோபரில்தான் பாரத் ஸ்டேஜ் 2-இலிருந்து மேற்பட்ட கார்களுக்கு 0.5 சதவீதம் என்று கறாராக்கினார்கள். பழைய எஸ்டீமுக்கு அப்போதும் 3 சதவீதமேதான்.

2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல், லிட்டருக்கு 0.013 கிராமுக்கு மேல் கூடாது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் அதுவேதான். அண்ணன் சொன்ன காரணம் அன்றோடு தீர்ந்தது. ஆனால் கை பழகிவிட்டது, பேச்சும் ஊரில் பரவிவிட்டது. அடுத்த தலைமுறைப் பையன்கள் ஈயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. "டப்பாவக் கழட்டுனா வண்டி பறக்கும்" என்பது மட்டும் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீம் 85 குதிரைத்திறனோடு வந்தது, மறைமலை நகரிலிருந்து போர்டு ஐக்கான் வந்தது, அவற்றிலும் அறுத்தார்கள். முதலில் கார்புரேட்டரோடு வந்த கார்கள் அடைத்ததால் அறுபட்டன. இவை நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கன்வெர்ட்டர்கள். சோழவரம் விமான ஓடுதளத்திலும், 1990-க்குப் பின் இருங்காட்டுக்கோட்டையிலும் ரேஸ் பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்தச் சத்தத்தையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ரேஸ் ட்ராக் வேறு, சிம்மக்கல் சிக்னல் வேறு. ட்ராக்கில் சைலன்சர் வாய்க்கு நேரே ஸ்கூட்டரில் யாரும் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு காத்திருப்பதில்லை.

நம் ஊர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் எழுபதுகளில் ஈயப் பெட்ரோல் விலை மலிவு என்பதால் கன்வெர்ட்டரை நொறுக்கினார்கள். அங்கே கடைகளில் 'டெஸ்ட் பைப்' என்ற பெயரில் வெறும் குழாய் விற்றது, சோதனைக்கு மட்டும் என்று பெயர். யார் என்ன சோதித்தார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். 1977 சட்டத்திருத்தம் பட்டறைகளைத் தடுத்தது. கார் சொந்தக்காரர் தாமே கழற்றுவதை 1990-இல்தான் குற்றமாக்கினார்கள். இங்கே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைத் தடுக்கிறது, 190(2) மாசுக்குத் தண்டனை சொல்கிறது. முதல் தடவை ஆயிரம் ரூபாய் என்றிருந்த அபராதம் 2019 திருத்தத்தில் பத்தாயிரம் வரை, அல்லது மூன்று மாதச் சிறை வரை, அல்லது இரண்டும் என்றானது. சட்டம் கடுமைதான். ரோட்டில் காரை நிறுத்தி அடியில் குனிந்து பார்க்கிறவரை நான் இதுவரை கண்டதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பட்டறைக்காரர்கள் மேல் கோபம் கிடையாது. வண்டியை நான்கு நகரத்துக்குச் சட்டம் போட்டு, பெட்ரோலையும் நான்கு நகரத்தோடு நிறுத்திய யோசனைதான் அவர்கள் கையில் ரம்பத்தைக் கொடுத்தது. அந்த ஐந்து வருஷத்துக்கு அவர்களுக்கு வேறு வழி இல்லை. அதற்கடுத்த இருபத்தைந்து வருஷத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. அதுவும் எந்த டப்பாவை அறுத்தார்களோ, அந்த டப்பாவுக்காகத்தான் நம் ஊர்ப் பெட்ரோலிலிருந்து ஈயம் போனது. அதன் பலன் கார் வைத்திராதவர்களுக்கும் கிடைத்தது, பட்டறைக் குழிக்குள் நாள் முழுக்க நின்று அந்தப் புகையைக் குடித்த அண்ணனுக்கும்தான். மழை நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சினை ஓட்டினால் தலைவலி வருகிறது என்று அவர் சொல்வார். கார்பன் மோனாக்சைடு என்று நாம் பரீட்சையில் எழுதினோம், அவர் டீயும் மாத்திரையும் வாங்கிக் குடித்தார்.

இப்போது பட்டறை அவர் மகன் கையில். கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். 2013-க்குப் பிறகு வந்த கார்களில் கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, அறுத்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அதையும் ஏமாற்ற வழி தேடி வருகிறார்களாம். டீசல் வண்டிக்காரர்கள் ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைக்கச் சொல்கிறார்களாம். "மாட்டேன்னா பக்கத்துக் கடைக்குப் போறாங்க சார்" என்றான்.

போன வருஷம் நம் நண்பன் அந்தச் சித்தப்பா எஸ்டீமைப் பழையபடி ஆக்குகிறேன் என்று கிளம்பி அவனிடம் கொண்டுபோனான். கம்பெனிக் கன்வெர்ட்டர் எங்கேயும் கிடைக்கவில்லை. அளவு பார்த்து வெளிச்சந்தையில் ஒன்று வாங்கி, 1998-இல் அண்ணன் வைத்த நேர் பைப்பை அதே இடத்தில் அறுத்து மாட்டினார்கள். ஓட்டிப் பார்த்தவன் சொன்னான், பிக்கப்பில் வித்தியாசம் தெரியவில்லையாம். சத்தம் மட்டும் குறைந்துவிட்டதாம்.

"அப்பா காலத்துல கழட்டுன டப்பா ஏதாவது கிடக்காப்பா?" என்று கேட்டேன். எல்லாம் அப்போதே பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போய்விட்டது என்றான். 2021-இல் ரோடியம் அவுன்ஸுக்கு 25,000 டாலரைத் தாண்டியது. இப்போது அதற்கென்றே பட்டறை பட்டறையாக ஆள் வருகிறார்கள், டப்பாவின் மேல் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து விலை சொல்கிறார்கள்.