தேசிங்கின் ஊரில் ஒரு சேணம்

கதை எழுதுகிறவன் செஞ்சிக்குப் போகிறான் என்றால் எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. ராஜா தேசிங்கைத் தேடித்தான் போகிறான் என்று அவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். சென்ற தை மாதம் நான் போனது தேசிங்குக்காக அல்ல. ஒரு பழைய மோட்டார் காரின் ஆசனத்தைப் பார்ப்பதற்காக. இதைச் சொன்னபோது என் வீட்டாரே நம்பவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்ல?

செஞ்சியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருடைய தகப்பனார் வக்கீல். 1958-ஆம் வருஷம் சென்னையில் ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் புறப்படும்போது விற்ற காரை வாங்கி, திண்டிவனம் வழியாகத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாராம். எம்.ஜி. கம்பெனியின் டி.சி. என்ற வகை. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வண்டிகள்தான் இந்த வகையில் செய்தார்கள். மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்திய உடம்பு, ஒல்லியான உயரச் சக்கரங்கள், இரண்டே பேருக்கு இடம். மழை வந்தால் மேலே ஒரு துணிக்கூரை. அதுவும் அவசரத்துக்கு வராது.

வக்கீல் காலமான பிறகு வண்டி நெற்குதிர் இருந்த கொட்டகையில் முப்பது வருஷம் நின்றது. இப்போது நண்பர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று அதைக் கையில் எடுத்திருக்கிறார். என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. பெயிண்டும் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது உள்ளே உட்காருகிற இடம்தான்.

"அசல் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும்" என்றார் நண்பர். "1964-லிருந்து டில்லியில் பழைய கார்களுக்குப் பந்தயம் நடக்கிறது. இந்தமாதிரி இடங்களில் பார்வையிட வருகிறவர்கள் முதலில் கதவைத் திறந்து ஆசனத்தைத்தான் பார்ப்பார்கள்."

"அசல் என்றால் எது?" என்று கேட்டேன். கதைக்காரனுக்கு வாய் சும்மா இராது. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது.

திண்டிவனம் சாலையில் குஷன் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வேலையை ஒப்புக்கொண்டிருந்தார். டிராக்டர் சீட்டு, ஆட்டோ சீட்டு, கல்யாண மண்டபத்து நாற்காலி எல்லாம் அவர் கைவேலைதான். கொட்டகைக்கு வந்தவர் ஆசனத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கத்தியை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார்.

"கிழிச்சா ஒரு நிமிஷம் சார். ஆனா கிழிச்சதை வெச்சு அளவு எடுக்க முடியாது. தையலைத்தான் பிரிக்கணும்."

இதே காரைச் சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் விட்டிருந்தாராம் நண்பர். அங்கே கதவின் உட்புறத் தைப்பையெல்லாம் பிய்த்து, குப்பையோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். புதிதாகப் போடத்தானே போகிறோம் என்பது அவர்கள் எண்ணம். அதன் பிறகு கதவுப் பையின் வாய் எவ்வளவு அகலம், ஓரப்பட்டி எந்தப் பக்கம் மடிந்திருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. பழைய உறைதான் புதிய உறைக்கு ஜாதகம். ஜாதகத்தை எரித்துவிட்டுப் பொருத்தம் பார்க்க முடியுமா?

பெரியவர் தையல் தையலாகப் பிரித்தார். மேலே பழுப்பு நிற ரெக்ஸின். வக்கீல் 1970-களில் போட்டது. அதன் கீழே பச்சைக் கோடு போட்ட கித்தான், 1960-களில் போட்டது. அதற்கும் கீழே தேங்காய் நார், எலி கட்டிய ஒரு பெரிய மாளிகை. எல்லாவற்றுக்கும் அடியில், கறுத்துச் சுருங்கி, சிவப்புத் தோல்.

இங்கே ரெக்ஸின் என்ற வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் தமிழ் வார்த்தை மாதிரியே புழங்குகிறோமே, அது மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். பருத்தித் துணியின்மேல் நைட்ரோ செல்லுலோஸ் பூசி, தோலின் ரேகைகளை அதில் அழுத்தி எடுப்பார்கள். வெடிப்பஞ்சுக்குச் சிற்றப்பன் பிள்ளை முறை. எம்.ஜி. காரில் உடம்பு படுகிற இடத்துக்கு மட்டும் தோல். கதவு, ஆசனத்தின் முதுகு, பக்கங்களுக்கெல்லாம் இந்தத் துணி. அப்படிச் சிக்கனம் பண்ணித்தான் விலையைக் கட்டுப்படுத்தினார்கள். பிற்பாடு பிளாஸ்டிக் பூச்சு வந்து பழைய சரக்கை ஓரம் கட்டிவிட்டது. இன்று நம் கடைகளில் ரெக்ஸின் என்று வாங்குவது ரெக்ஸினே அல்ல. பெயர் நிலைத்துவிட்டது, பொருள் போய்விட்டது. வக்கீல் 1970-களில் போட்டதும் இந்தப் போலி ரெக்ஸின்தான்.

"அடியில் இருப்பது நம் ஆற்காட்டுத் தோலாகத்தான் இருக்கும்" என்று நண்பர் பெருமையோடு சொன்னார். எனக்கும் அப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைதான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை ராஜதானித் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயிற்று. அது பெரும்பாலும் செருப்புக்கும் புத்தகக் கட்டுக்கும் போன சரக்கு. நம் மாடுகள் சின்ன மாடுகள். கார் ஆசனத்துக்கு ஐரோப்பாவின் பெரிய மாட்டுத் தோலைத் தேடினார்கள். ஆகவே ஊர்ப் பெருமையை அந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த ஆசனத் தையல் கலையே மோட்டார் காலத்தது அல்ல. குதிரை வண்டிக் காலத்தது. சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனி முதலில் கோச்சு வண்டிகள்தான் கட்டியது. 1903-ல் அதே கம்பெனியில்தான் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார்கள். குதிரையை அவிழ்த்துவிட்டு என்ஜினைப் பூட்டினார்களே தவிர, மெத்தை தைத்த கைகள் மாறவில்லை. தோலும் குத்தூசியும் திணிப்பும் லாயத்திலிருந்து வந்த சொத்துக்கள்.

இரண்டாம் நாள் மாலை பெரியவர் பசை காயட்டும் என்று ஓய்வு கொடுத்தார். நண்பரும் நானும் கோட்டைக்குப் போனோம். கல்யாண மகாலுக்கு அருகே வரிசை வரிசையாக வளைவு அறைகள் இருக்கின்றன. குதிரை லாயம் என்று காட்டுகிறார்கள். நாடோடிக் கதைப்பாட்டில் வருகிற பாராசாரிக் குதிரை நினைவுக்கு வந்தது. தேசிங்கு 1714-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு போரிட்டு மாண்டான். அவன் ஏறிய சேணம் எங்கே? தோல் அல்லவா, மண்ணோடு போயிருக்கும். கல் மட்டும்தான் நிற்கிறது.

கல்லாவது நின்றதா என்றால் அதுவும் முழுவதும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் காலத்தில் எழுந்த வெங்கடரமணர் கோயிலுக்குள் நுழைந்தால் தூண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெயில் இருக்கிறது. 1750-ல் கோட்டையைப் பிடித்து 1761 வரை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் அந்தத் தூண்கள் போய்ச் சேர்ந்தன. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவை செஞ்சித் தூண்கள். அழகாகத்தான் நிற்கின்றன. நானும் கடலைக்காய் கொறித்துக்கொண்டு அவற்றின் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தாங்குவதற்கு மண்டபம் இல்லாத தூணைப் பார்த்தால், உத்தியோகம் போன மனுஷரைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

"இந்தக் கோட்டையில் அசல் எது?" என்று நண்பர் என் கேள்வியை எனக்கே திருப்பினார். நாயக்கர்கள் கட்டினார்கள். பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி வந்து பலப்படுத்தினார். 1690 முதல் எட்டு வருஷம் முற்றுகையிட்டு மொகலாயர்கள் வாங்கினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் தங்கள் உறையை மேலே மாட்டினார்கள். 2025-ல் மராட்டியரின் கோட்டைகள் என்ற வரிசையில் மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு செஞ்சியும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக நாயக்கர் கட்டியதை இடித்து மராட்டியர் கட்டியதை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று யாராவது சொன்னால் ஒப்புவோமா? இந்தியத் தொல்பொருள் துறைக்கு 1923-ல் சர் ஜான் மார்ஷல் எழுதிவைத்த விதிகளின் சாரமும் இதுதான்: இருப்பதை விழாமல் காப்பாற்று, இல்லாததைக் கற்பனையால் கட்டாதே.

மூன்றாம் நாள் காலை பெரியவர் எங்களை அழைத்து ஒரு விஷயம் காட்டினார். இந்த வண்டியில் முதுகு சாய்வதற்கு ஒரே பலகை. உட்காருவதற்கு இரண்டு தனி மெத்தைகள். ஓட்டுகிறவருடைய வலதுபக்க மெத்தையில் தோல் நைந்து, தொட்டால் உதிர்ந்தது. இடதுபக்க மெத்தையின் தோல் ஏறக்குறையப் புதிது. ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இந்தப் பக்கம் யாருமே உக்காரலை போலிருக்கு, ஐயா" என்றார்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அம்மா ஒரு நாளும் ஏறினதில்லை. அப்பா கூப்பிட்டிருக்கிறார். மூடாத வண்டியில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கடைத்தெரு வழியாகப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். பிறகு அப்பாவும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்."

காரின் கதையை நண்பர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தப் பகுதியைத் தோல்தான் சொல்ல வைத்தது.

வேலை நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது மெத்தைத் தோலை ஈரத் துணியால் துடைத்து, வெடிப்புக் கண்ட ஓரத்துக்குப் பின்னால் மெல்லிய துணி ஒட்டினார். மெஷின் போடவில்லை. புது ஊசித் துளை விழுந்தால் பழைய தோல் தபால் தலை மாதிரி வரிசையாகக் கிழிந்துவிடுமாம். ஆகவே இங்கிலாந்தில் எவனோ ஒரு தொழிலாளி போட்ட அதே துளைகளில் கையால் நூலை நுழைத்துத் தைத்தார். வலது மெத்தைக்குச் சென்னைப் பெரியமேட்டிலிருந்து தோல் வாங்கி வந்தார்கள். இடது மெத்தையின் சிவப்பைப் பார்த்துச் சாயம் சேர்த்தார். நைந்த தோலைத் தூக்கி எறியவில்லை. அளவு குறித்து ஒரு தகரப் பெட்டியில் வைத்தார். புதுத் தோலின் உட்புறத்தில், தைத்து மூடுமுன், மையால் வருஷத்தை எழுதினார்.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"பின்னாலே பிரிக்கிறவன் ஏமாறக் கூடாது இல்ல சார்?"

மார்ஷலின் புத்தகத்தை அவர் படித்திருக்க நியாயமில்லை. நல்ல வேலைக்காரர்கள் ஒரே முடிவுக்குத் தனித்தனி வழியில் வந்து சேருகிறார்கள்.

இப்போதுதான் நண்பருக்குத் தர்மசங்கடம் வந்தது. எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட அசல் தோல், ஆள் உட்காராத தோல், பந்தயத்தில் காட்டினால் பார்ப்பவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். யாராவது உட்கார்ந்தால் மடிப்பு விழும். உட்காராமல் வைத்தால் அது புதுச்சேரித் தூண்தான். என்ன செய்வது என்று பெரியவரையே கேட்டார்.

"தோலு உக்காரத்தான் ஐயா. பதமா வெச்சுக்கிட்டு எப்பவாவது உக்காந்தா தாங்கும். சும்மா வெச்சீங்கன்னா காய்ஞ்சு தானா வெடிக்கும்."

நண்பர் எழுந்து வீட்டுக்குள் போனார். அரை மணி கழித்து, எண்பத்தைந்து வயதுத் தாயாரின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்த அம்மாள் புடைவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். நண்பர் வண்டியை எடுத்தார். கடைத்தெரு வழியாகப் போய், ராஜகிரி மலை கண்ணுக்குத் தெரிகிற திருப்பம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

பெரியவர் ஓடிப்போய் முதலில் மெத்தையைத்தான் பார்த்தார். தோலில் மெல்லிய கோடு ஒன்று, புதிதாக.

"எப்படி இருந்ததம்மா?" என்று நான் கேட்டேன்.

"காலை நீட்ட இடம் இல்லை. இதற்கா அந்த மனுஷர் அப்படிக் கூப்பிட்டார்!" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு, இறங்காமல் இன்னும் சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.